உழவு ஓட்டிய பிறகு தண்ணீரும் உரமும் எங்கே போகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவசாயிகளோடு சேர்ந்து வயலில் குழி தோண்டி மண் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். குழிக்குள் இறங்கி நிற்கும்போது கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உழுதால் தண்ணீர் இறங்குமா, போட்ட யூரியா எங்கே போனது, ரோட்டவேட்டர் (டிராக்டரில் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) நல்லதா கெட்டதா, உழாமலே விதைக்கலாமா. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் போகிற வழியில்தான் உரமும் மருந்தும் போகும், அந்த வழியைப் போட்டுக் கொடுப்பது உழவு. அதனால் உழவை ஒரு நாள், உரத்தை இன்னொரு நாள் என்று தனித்தனியாக யோசிக்காமல் இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

உழுதால் மண் இளகும், தண்ணீர் நன்றாக இறங்கும். இதில் என்ன சந்தேகம்?

உழுத மறுநாள் பார்த்தால் சந்தேகமே வராது, ஊற்றுகிற தண்ணீரெல்லாம் உள்ளே போய்விடும். ஆனால் இரண்டு பெரிய மழைக்குப் பிறகு அதே இடத்தில் பாருங்கள்.

மண்ணுக்குள் இரண்டு வகை ஓட்டைகள் இருக்கின்றன. மண் துகள்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன இடைவெளி ஒரு வகை, தண்ணீர் அதில் ஊறித்தான் போகும். இன்னொரு வகை மண்புழு போன துளை, கரையான் வழி, மக்கிப்போன பழைய வேர் விட்டுச் சென்ற குழாய், வெடிப்பு. இதில் தண்ணீர் ஓடும். ஒரு குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அதில் போகும் தண்ணீர் 16 மடங்காகும், விட்டம் பத்து மடங்கானால் பத்தாயிரம் மடங்கு. அதனால் மேல்மட்டம் வரைக்கும் திறந்திருக்கும் பத்து இருபது புழுத் துளைகள் இருந்தாலே ஒரு சதுர மீட்டர் நிலத்தின் கணக்கு மாறிவிடும்.

கலப்பை செய்வது இதுதான்: மேல் அரை அடியில் சின்ன இடைவெளிகளையும் தற்காலிகமான பெரிய இடைவெளிகளையும் நிறைய உண்டாக்குகிறது, ஆனால் மேலிருந்து அடிவரை போகும் துளைகளை அந்த ஆழத்தில் அறுத்துவிடுகிறது. உழுத மண் நாளாக நாளாகப் படிந்து அமுங்கிவிடும், அறுந்த துளை தானாகச் சேராது, புழு மறுபடி வந்து துளைக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. செம்மண் நிலத்தில், பல வருடம் உழாத மரத்தடியில் ஓர் இடமும் உழுத வயலில் ஓர் இடமும் எடுத்துக்கொண்டு, தண்ணீராய்க் கரைத்த சுண்ணாம்பை இடத்துக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டு, மறுநாள் காலையில் மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பார்த்தோம். உழுத இடத்தில் மேலே ஒரு சாண் அளவுக்கு வெள்ளை பரவலாக ஊறியிருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மரத்தடியில் மேல்மண் அவ்வளவாக வெளுக்கவில்லை, ஆனால் பென்சில் பருமனில் இரண்டு வெள்ளைக் கோடுகள் முழங்கால் ஆழத்துக்கு நேராக இறங்கியிருந்தன. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால் பழைய வேர்த் துளை, உட்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. அன்றைக்கு சுண்ணாம்புக்குப் பதில் யூரியா கரைந்த தண்ணீராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் மீதிப் பக்கம் புரிந்துவிடும்.

ரோட்டவேட்டர் இரண்டு சுற்று விட்டு மண்ணை மாவு மாதிரி ஆக்கினேன். ஒரே மழையில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டது. ஏன்?

மாவு மாதிரி ஆக்கியதால்தான். மழைத்துளி நல்ல வேகத்தில் விழுகிறது, பொடி மண்ணை அடித்துக் கரைக்கிறது, கரைந்த களித்துகள் மேல் இடைவெளிகளை அடைக்கிறது, வெயில் அடித்ததும் பொருக்கு கட்டுகிறது. அப்பளம் மாதிரி ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், ஆனால் அடுத்த மழைக்கு அது மூடி போட்ட மாதிரி. செம்மண்ணில் இந்தத் தொல்லை அதிகம்.

உங்கள் மண் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமா? இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள். வயலிலிருந்து நெல்லிக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்று, அதே வயலின் வரப்பில் புல் வேர் ஓடிய இடத்திலிருந்து ஒன்று. இரண்டையும் மெதுவாக உள்ளே விடுங்கள். வரப்புக் கட்டி நீர்க்குமிழி விட்டபடி அப்படியே உட்கார்ந்திருக்கும். அடிக்கடி உழுத வயலின் கட்டி ஓரிரு நிமிடத்தில் சரிந்து அடியில் சேறாகிவிடும். இரண்டும் ஒரே மண்தான், வேரும் மக்கும் (மக்கிப்போன தழை, வேர்) பசைபோல் ஒட்டிப் பிடித்திருப்பது மட்டும்தான் வித்தியாசம். ஒவ்வொரு உழவும் அந்தப் பசையைக் கொஞ்சம் எரிக்கிறது, ஏனென்றால் காற்று உள்ளே போனதும் நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்கின்றன.

ஓடிப்போகும் தண்ணீர் வெறும் தண்ணீராகப் போவதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர். அது கலங்கலாக ஓடினால் மேல்மண்ணின் மென்மையான களித்துகளை எடுத்துக்கொண்டு ஓடுகிறது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணில் ஒட்டும் மருந்துகளும் அந்தத் துகளில்தான் ஒட்டியிருக்கின்றன.

ரோட்டவேட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாளுரப் பயிரை மடக்கவும் நாற்றங்காலுக்கும் அது நல்ல கருவி. மானாவாரி நிலத்தில் விதைக்கும் முன் கட்டி கொஞ்சம் இருக்கட்டும், எலுமிச்சை அளவு கட்டிகள் மேலே கிடந்தால் மழையை அவைதான் தாங்கும்.

அடியில் தட்டு இருக்கிறது என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது, உடைக்க வேண்டுமா?

நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து, விரல் பருமன் கம்பி ஒன்றைச் சீரான அழுத்தத்தில் மண்ணில் குத்துங்கள். அரை அடி, முக்கால் அடியில் திடீரென்று கை தடுக்கும், அதைத் தாண்டினால் மறுபடி சுலபமாகப் போகும். நடுவில் தடுத்த இறுகிய மண் அடுக்குதான் தட்டு. எப்போதும் ஒரே ஆழத்தில் கலப்பையும் ரோட்டவேட்டரும் போனதாலும், ஈர மண்ணில் டிராக்டர் ஏறியதாலும் வந்தது. செடியைப் பிடுங்கிப் பார்த்தாலும் தெரியும்: பருத்தி ஆணிவேர் கீழே போகாமல் ஆங்கில எழுத்து எல் மாதிரி பக்கவாட்டில் மடங்கியிருக்கும்.

தட்டு இருந்தால் தண்ணீர் அதன்மேல் தேங்கிப் பக்கவாட்டில் கசிந்து போகும். மேலே அளவுக்கு மீறிய ஈரம், கீழே வறட்சி. ஈரத்தில் காற்றில்லாமல் தழைச்சத்து (நைட்ரஜன்) வாயுவாகப் பறக்கும்.

மேட்டுநிலப் பயிர் என்றால் உடைக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்காகவும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஓட்டி, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ இடுவது. மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள், அப்போதுதான் தட்டு சில்லு சில்லாகத் தெறிக்கும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கோடு மட்டும் விழும், பணம் வீண். இன்னொன்று, உடைத்த கையோடு மொத்த உரத்தையும் போட்டு வெள்ளமாகத் தண்ணீர் கட்டாதீர்கள். புதிதாகத் திறந்த வழி, உரம் நேரே இறங்கிவிடும். முதலில் ஒரு பயிரின் வேர் அந்த ஆழத்துக்குப் போகட்டும்.

யூரியாதான் சீக்கிரம் காணாமல் போகிறது. டிஏபி போட்டால் இருக்கிறதே?

களிமண்ணின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. நேர்மின்சுமை உள்ளது அதில் ஒட்டும், எதிர்மின்சுமை உள்ளது பெரும்பாலும் ஒட்டாது. யூரியாவுக்கு எந்தச் சுமையும் இல்லை, போட்ட முதல் சில நாட்கள் தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு நான்கு நாளில் அம்மோனியமாக மாறும், அது மண்ணில் ஒட்டும். அப்புறம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும், அது மறுபடி ஒட்டாது. ஆக, யூரியா மண்ணைவிட்டு ஓட இரண்டு சந்தர்ப்பம் இருக்கிறது. வேப்பெண்ணெய் பூச்சு இந்த மாற்றத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தத்தான், 2015-இல் இந்தியாவில் தயாராகும் விவசாய யூரியா முழுவதற்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. டிஏபியில் அதிகம் இருக்கும் மணிச்சத்து வேறு வகை, எதிர்மின்சுமை இருந்தாலும் அதை மண்ணிலுள்ள சுண்ணாம்பும் இரும்பும் பிடித்துக்கொள்ளும், போட்ட இடத்தைவிட்டு விரல் நீளம்கூட நகராது. அது போவதென்றால் மண்ணோடு சேர்ந்து அடித்துப் போனால்தான் உண்டு. ஒரு விதிவிலக்கு உண்டு, கீழே சொல்கிறேன்.

ஒரு கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தழைச்சத்து இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதி, அதாவது தழைச்சத்தாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 மில்லிகிராம். அப்படியானால் ஒரே ஒரு மூட்டை முழுக்க நைட்ரேட்டாகி இறங்கினால் 20 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். யாருடைய வயலிலும் முழு மூட்டையும் இறங்குவதில்லை என்றாலும், ஒரு ஊரில் எத்தனை மூட்டை இறக்குகிறோம் என்று பாருங்கள்.

மேடான பாரும் பள்ளமான சாலும் போட்ட நிலமென்றால் உரத்தை வாய்க்கால் தண்ணீர் ஓடும் சாலில் தூவாதீர்கள். பாரின் பக்கவாட்டில், பாதி உயரத்தில் சின்னக் குழி எடுத்து வைத்து மூடுங்கள். தண்ணீர் சாலிலிருந்து பாருக்குள் பக்கவாட்டாகவும் மேல்நோக்கியும் ஊறும், சத்தும் அதனோடு பாருக்குள்ளேயே இருக்கும். உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் பாரின் உச்சியில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே ஓட்டம்தான்.

கோடை உழவு கோடி நன்மை என்கிறார்கள். அதிலும் சத்து போய்விடுமா?

கோடை உழவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சித்திரையில் விழும் கோடை மழையை உள்ளே வாங்கும், கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் வெயிலுக்கு வரும். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1870-இல் ஒரு வேலை செய்தார்கள். மண்ணைக் கலைக்காமல் அப்படியே வைத்து, அடியில் கட்டுமானம் கட்டி, 20, 40, 60 அங்குல ஆழத்தைக் கடந்து வடியும் தண்ணீரைப் பிடித்து அளந்தார்கள். மேலே பயிர் கிடையாது, உரம் ஒரு கைப்பிடிகூடப் போடவில்லை. இருந்தும் வருடக்கணக்கில் அந்த வடிநீரில் நைட்ரேட் வந்துகொண்டே இருந்தது. மண்ணிலிருந்த மக்கு சிதைந்து வந்த நைட்ரேட் அது, குடிக்க வேர் இல்லாததால் கீழே போயிற்று. அதே அளவீட்டைப் பற்றி 1882-இல் எழுதும்போது, மழைநீரில் ஒரு பங்கு மண்ணில் ஊறாமல் துளைகள் வழியாக நேரே வடிந்துவிடுகிறது என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். நாம் சுண்ணாம்பு ஊற்றிப் பார்த்ததை அவர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

கோடை உழவிலும் இதே சமாச்சாரம். உழுது, காய்ந்து, பிறகு முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் பொங்கி எழுந்து நைட்ரேட்டை விடுகின்றன. நிலம் அப்போது வெறுமனே கிடந்தால் அடுத்தடுத்த மழை அதைக் கீழே தள்ளும். கோவில்பட்டிப் பக்கம் மாதிரி ஐப்பசி மழையை நம்பும் கரிசல் காட்டில் முதல் ஈரத்திலேயே விதைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டதில் இந்த லாபமும் இருக்கிறது. விதைக்கத் தாமதமாகும் என்றால் சணப்பையோ தட்டைப்பயறோ வீசிவிடுங்கள், அது அந்த நைட்ரேட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும், மடக்கி உழுதால் திரும்பக் கிடைக்கும்.

கரிசலில் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதில் உரம் இறங்காதா?

இறங்கும், நன்றாகவே இறங்கும். கோடையில் கரிசல் வெடிப்பில் கைவிட்டால் தோள் வரைக்கும் போகும். முதல் மழை அந்த வெடிப்பு வழியாகக் கீழே போய் அடிமண்ணை நனைக்கிறது, அது வரம். ஆனால் மேலே உரமோ களைக்கொல்லியோ தூவியிருந்தால் அதுவும் வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு மண் ஊதி வெடிப்பு மூடிக்கொண்டதும் நிலைமை தலைகீழ், தண்ணீர் இறங்கவே இறங்காது, மேலே வழிந்து ஓடும்.

அதனால் கரிசலில் விதைப்புக்கு முன் மேலாக இரண்டு மூன்று அங்குலத்துக்கு மட்டும் கீறி விட்டால் போதும், வெடிப்பின் வாய் பொடிமண்ணால் மூடும், அடிஈரமும் ஆவியாகாது. உரத்தை விதையோடு ஒட்டாமல் பக்கத்தில் மண்ணுக்குள் இடுங்கள், மேலே தூவ வேண்டாம். மழைக்காலத்தில் மேலே நிற்கும் தண்ணீருக்கு, ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் 1970-களில் பரப்பிய அகலப்பாத்தி முறை நல்ல வழி: அகலமான மேட்டுப்பாத்தி, பக்கத்தில் லேசான சரிவுள்ள சால், உபரித் தண்ணீர் மண்ணை அரிக்காமல் மெதுவாக நடந்து போகும்.

உழாமல் விதைப்பது அமெரிக்கச் சமாச்சாரம், நமக்கு ஒத்து வருமா?

காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் வீசுகிறோமே, அது வேறென்ன? ஓர் உழவு கிடையாது, ஒரு பாசனம் கிடையாது, மிச்ச ஈரத்திலும் பனியிலும் பயறு விளைகிறது. நெல் வேர் விட்ட துளைகள் வழியாகத்தான் உளுந்து வேர் இறங்குகிறது. அறுவடை இயந்திரத்தின் தடம் பதிந்த பட்டையில் மட்டும் பயறு குட்டையாக நிற்பதைக் கவனியுங்கள், துளை நசுங்கினால் என்ன ஆகும் என்று அதுவே காட்டும்.

உழாத நிலத்தில் மேலே தாளும் தழையும் மூடாக்காகக் கிடப்பதால் பொருக்கு வராது, ஓடும் தண்ணீர் குறையும், மண் அரிப்பு வெகுவாகக் குறையும். ஆனால் ஓடாத தண்ணீர் எங்கோ போக வேண்டும், அது கீழே போகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கோஷாக்டன் என்ற இடத்தில் இதைப் பல காலம் ஆராய்ந்தார்கள், மண்புழுத் துளைக்கு அடியில் பாத்திரம் வைத்துப் பிடித்துப் பார்க்கும் அளவுக்கு. அங்கே கிடைத்த முக்கியமான பாடம், மருந்தோ உரமோ போட்ட பிறகு வரும் முதல் மழை எப்படிப்பட்டது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் தூறல் வந்தால் சத்து மண் கட்டிகளின் உள்ளே ஊறி ஒளிந்துகொள்ளும், பிறகு கொட்டும் மழை துளை வழியாகப் பாய்ந்தாலும் அதைத் தொடுவதில்லை. போட்டவுடனே கொட்டினால் கரைந்ததெல்லாம் துளை வழியாக நேரே போய்விடும்.

நம் கையில் இருக்கும் தூறல் பாசனம்தான். வானிலை பார்த்து, பெரிய மழைக்கு நாலைந்து நாள் முன்னால் போட்டு, லேசாக ஒரு தண்ணீர் விட்டுவிடுங்கள். உழாத நிலத்தில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

உழாமல் விட்டால் ஏரி குளத்துக்கும் நல்லது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இதற்குத்தான் மணிச்சத்து விஷயத்தில் விதிவிலக்கு என்று சொன்னேன்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவிலுள்ள ஈரி ஏரி பாசி பிடித்துக் கெட்டுப்போய், 1972-இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு மணிச்சத்தைக் குறைக்க இறங்கின. சாக்கடைக் கழிவைச் சுத்திகரித்தார்கள், பிற்பாடு விவசாயிகள் உழவைக் குறைத்தார்கள், மண்ணோடு ஒட்டிப் போகும் மணிச்சத்து குறைந்தது. நல்லபடியாகத்தான் போனது. ஆனால் 1990-களின் நடுவிலிருந்து, அந்த ஏரியில் கலக்கும் மௌமி ஆற்றில் தண்ணீரிலேயே கரைந்து வரும் மணிச்சத்து ஏறத் தொடங்கியது. 2014 ஆகஸ்டில், அந்த ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் டொலீடோ நகரத்தில் பாசி நஞ்சு குடிநீரில் கலந்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஏறக்குறைய மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது.

காரணம் ஒன்றல்ல, அதிகமான மழையும் நிலத்தடி வடிகால் குழாய்களும் அதில் உண்டு. ஆனால் உழவோடு தொடர்புள்ள காரணம் இது: உழாத நிலத்தில் வருடா வருடம் உரத்தை மேலேயே தூவினார்கள். மணிச்சத்து நகராது, கலந்துவிடக் கலப்பையும் இல்லை, மேல் ஓரிரு அங்குலத்தில் குவிந்தது. மண் பிடிக்கும் அளவு அங்கே நிரம்பியதும், மேலே ஓடிய தண்ணீரும் புழுத் துளைக்குள் இறங்கிய தண்ணீரும் அதைக் கரைத்துக் கொண்டுபோயின. இதற்காக மறுபடி எல்லாவற்றையும் உழச் சொல்ல முடியாது, உழுதால் மண் போகும். உரத்தை மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் இடும் கருவியைத்தான் இப்போது வலியுறுத்துகிறார்கள். நம் ஊரில் குறைந்த உழவுக்கு மாறுகிறவர்கள் இந்த ஒரு தப்பை மட்டும் திரும்பச் செய்யக் கூடாது என்பது என் ஆதங்கம். விதை போடும் இயந்திரம் வாங்கினால் உரப்பெட்டியும் சேர்ந்ததாக வாங்குங்கள்.

நெல்லுக்குத் தொழி கலக்குகிறோமே, அதுவும் கெடுதலா?

நெல்லுக்கு நன்மை. மேலே சொன்னதையெல்லாம் இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டும். தொழியுழவில் நாம் வேண்டுமென்றே மண் கட்டியைக் கரைத்து, துளையை அடைத்து, கேஜ் வீல் (டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு மிதித்து, ஒரு தட்டை உண்டாக்குகிறோம். மற்ற பயிருக்கு எதிரியான அந்தத் தட்டு நெல்லுக்குப் பானையின் அடிப்பாகம். நல்ல களிமண்ணில் தொழிக்குப் பிறகு நாளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர்தான் இறங்கும், மணல் கலந்த நிலத்தில் இருபது முப்பதுகூடப் போகும். ஒருமுறை நிலம் தயாரிக்கவே 150 முதல் 200 மில்லிமீட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதால், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் வருடமோ இல்லையோ, தண்ணீர் விட்டுவிட்டு வாரக்கணக்கில் உழாமல் போட்டு வைப்பது பெரும் வீண். முதலில் புழுதி உழவு ஒன்று ஓட்டி வெடிப்பை மூடிவிட்டால் தொழிக்கு விடும் முதல் தண்ணீர் வெடிப்பில் இறங்கி வீணாகாது.

சத்து விஷயத்தில் இரண்டு இடத்தில் இழக்கிறோம். ஒன்று, பரம்படித்துச் சேற்றைச் சமப்படுத்தியதும் கலங்கல் தண்ணீரை நடவுக்கு வசதியாக வாய்க்காலில் வடித்து விடுவது. அந்தக் காப்பித் தண்ணீரில் உங்கள் வயலின் மிகச் சிறந்த களியும், அப்போதுதான் போட்ட அடியுரமும் போகின்றன. அளவாகத் தண்ணீர் வைத்துத் தொழி கலக்கி, ஒரு நாள் இரண்டு நாள் தெளியவிட்டு நடுங்கள், வடிக்க வேண்டிய தேவையே வராது. இன்னொன்று, அடியுர யூரியாவை நிற்கும் தண்ணீரில் தூவுவது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட்டால், காற்றில்லாத சேற்றில் அது அம்மோனியமாகவே ஒட்டி நிற்கும். மேலே கிடந்தால் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகும், ஒரு பங்கு மேல்படலத்தில் நைட்ரேட்டாகிக் கீழே காற்றில்லாத சேற்றுக்கு இறங்கி, அங்கே நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். நெல்வயலிலிருந்து கிணற்றுக்குப் போவதைவிட ஆகாயத்துக்குப் போவதே அதிகம்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் தட்டு வெடித்துவிடாதா?

மயிர்க்கோடு வெடிப்பு வரைக்கும் பயமில்லை. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுவதுதான் பாதுகாப்பான எல்லை. விரல் நுழையும் வெடிப்பு வந்துவிட்டால் அது தட்டையும் பிளந்திருக்கும், அப்புறம் எவ்வளவு விட்டாலும் தண்ணீர் நிற்காது. மேலுரத்தைக் காயவிட்ட பிறகு, தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் போடுங்கள், பாயும் தண்ணீர் அதை மண்ணுக்குள் கொண்டுபோகும். போட்டுவிட்டுக் காயவிட்டால் நைட்ரேட்டாகிவிடும், அடுத்த பாய்ச்சலில் போய்விடும்.

களைக்கொல்லி அடித்தால் கிணற்றுக்கு வருமா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. வெங்காயத்துக்கும் நிலக்கடலைக்கும் போடும் பெண்டிமெத்தலின் மண்ணில் இறுக ஒட்டும், கீழே போகாது, மண் அரித்தால் மண்ணோடு போகும். சோளம், கரும்புக்கு அடிக்கும் அட்ரசின், மெட்ரிபூசின், பூச்சிக்கு ஊற்றும் இமிடாகுளோபிரிட் இவையெல்லாம் தண்ணீரோடு நகரக்கூடியவை. அட்ரசின் பல நாடுகளின் நிலத்தடி நீரில் கண்டெடுக்கப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இழந்தது. நகரும் மருந்துக்கு மக்கு நிறைந்த மேல்மண்தான் வடிகட்டி, அங்கேதான் அது ஒட்டவும் சிதையவும் செய்யும். வெடிப்பு வழியாகவோ துளை வழியாகவோ அந்த வடிகட்டியைத் தாண்டிவிட்டால் கீழே சிதைப்பதற்கு நுண்ணுயிர் குறைவு, நாள் கணக்கில் போக வேண்டியது மாதக் கணக்கில் கிடக்கும்.

நெல்லில் பூட்டாகுளோர் மாதிரியானவற்றை மணலில் கலந்து தூவினால் இரண்டு மூன்று நாள் மடையைத் திறக்காதீர்கள். இதை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தாலே வாய்க்காலுக்குப் போகும் மருந்து பெருமளவு குறையும்.

எங்கள் நிலம் வெறும் மணல்சாரி. எதைச் செய்தாலும் இறங்குகிறது.

உங்களுக்கு மட்டும் இறுக்குவதே வைத்தியம். மணற்பாங்கான நிலத்தில் சரியான ஈரப்பதத்தில் 400 கிலோ கல் உருளையை எட்டு முறை ஓட்டி மண்ணை அமுக்கச் சொல்லி வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. ஏரி வண்டல், தொழுவுரம் கிடைத்ததையெல்லாம் அடியுங்கள், உரத்தைப் பல தடவையாகப் பிரித்துச் சின்னச் சின்னதாகக் கொடுங்கள்.

சரிவு நிலத்தில்?

சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். டிராக்டர்காரர் வசதிக்கு மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்.

எங்கள் கிணற்றில் நைட்ரேட் இருக்கிறதா என்று எப்போது, எப்படிப் பார்ப்பது? காய்ச்சிக் குடித்தால் போதுமா?

மழைக்காலம் முடிந்து நீர்மட்டம் ஏறிய பிறகு ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், ஒரே ஒரு மாதிரியை நம்ப வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய சுத்தமான பாட்டிலில் பிடித்து, அன்றைக்கே குடிநீர் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் அளவை மாற்றிவிடும். பக்கத்தில் மாட்டுக் கொட்டகையும் கழிப்பறைக் குழியும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், எல்லாப் பழியும் உரத்தின் மேல் விழக் கூடாது.

காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், நைட்ரேட் அப்படியே இருக்கும், அதனால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் ரத்தம் பிராணவாயுவை எடுத்துப்போகும் சக்தியை இழந்து உடல் நீலம் பாய்ந்துவிடும். புட்டிப்பால் பவுடரை அந்தத் தண்ணீரில் கலக்காதீர்கள், வேறு தண்ணீர் கொண்டுவாருங்கள். வயலில் உழவையும் உரத்தையும் இன்றைக்கே திருத்தினாலும் கிணற்றில் அளவு குறைய வருடங்கள் ஆகும், ஏனென்றால் ஏற்கெனவே இறங்கியது இன்னும் வழியில் இருக்கிறது.